சாலம்மாளின் இருபது விநாடி

அஸ்தம்பட்டியில் எங்கள் கிளினிக்குக்கு எதிரே ஒரு சிக்னல் இருக்கிறது. அதில் பச்சை பொம்மை எரிந்தால் நடப்பவர்கள் கடக்கலாம். இருபத்திரண்டு விநாடி எரியும். கிளினிக்கில் தரை துடைக்கும் சாலம்மாளுக்கு இருபது விநாடி வேண்டும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், தினமும் அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் கடப்பார். மிச்சமிருக்கும் இரண்டு விநாடியில் சேலையைச் சரிசெய்துகொள்வார்.

சங்ககிரிப் பக்கத்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. ஆறு வருடத்துக்கு முன்பு இதே சிக்னலில், ஃப்ரீ லெஃப்ட் என்று நிற்காமல் திரும்பிய பைக் ஒன்று இடித்து அவர் முழங்கால் போனது. ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலும்பு கூடிய பிறகும் அந்தக் கால் மடங்குவதில்லை. ஆனாலும் ஒரு நாள் தாமதமாக வந்தவரில்லை. லேப்பில் ரத்தம் எடுக்கிற நான்தான், பைக்கை வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் லேட்.

மார்ச் மாதம் ஒரு காலை, அவரும் நானும் சிக்னல் ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நர்மதா என்று கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி டேப்லெட்டோடு வந்தாள். சிக்னல் எப்படி இருக்கிறது என்று மக்களிடம் கேட்கும் சர்வேயாம்.

"அம்மா, நீங்க என்ன வண்டிங்க?"

"வண்டி ஏது சாமி, நடந்துதான் வாரேன்."

நர்மதா திரையை மேலும் கீழும் தள்ளினாள். கார், லாரி, பஸ், ஆட்டோ, டூவீலர் எல்லாம் இருந்தன. நடப்பவர் இல்லை.

"ஏதாச்சும் ஒன்னு தொட்டாத்தாங்க அடுத்த கேள்விக்குப் போகும். டூவீலர்னு போட்டுக்கட்டுங்களா?"

சாலம்மாள் என்னைப் பார்த்தார். எனக்கு அவசரம். "போட்டுட்டுப் போகட்டும் விடுங்கக்கா" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"சிக்னல்ல காத்திருக்கற நேரம் அதிகமா இருக்குங்களா?"

"ஆமா சாமி. வெயில்ல எத்தன நேரம் நிக்கறது? கால் மரத்துப் போவுது."

அதிகம் என்ற இடத்தைத் தொட்டுவிட்டு நர்மதா நகர்ந்தாள்.

ஜூனில் சிக்னல் கம்பத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பொதுமக்கள் கருத்தை ஏற்று வாகனங்கள் காத்திருக்கும் நேரம் குறைக்கப்பட்டுள்ளதாம். பச்சை பொம்மை பதினான்கு விநாடியாகியிருந்தது. வண்டி நிற்கும் நேரம்தானே ஆள் நடக்கும் நேரம்? இதைத் தீர்மானித்த மகராசன் ஒரு நாளாவது சாலை கடக்கிற அந்த வெள்ளைக் கோடுகளில் நடந்திருப்பானா?

சாலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"எந்தப் பொதுமக்கள் தம்பி?"

"நம்மதானுங்கக்கா. உங்களத்தான் டூவீலர்னு எழுதிக்கிட்டாங்களே."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதை வைத்தே அவருடைய எட்டு விநாடியைப் பிடுங்கியிருக்கிறார்கள். அறிவிப்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் நடுச்சாலையில் இருக்கும்போதே பொம்மை சிவப்பானது. ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவருடைய சோற்றுப்பையில் மாட்டி இழுத்தது. உள்ளே சோறு இருந்த தூக்குப்போசி உருண்டுபோய் லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. "ஊட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று ஸ்கூட்டர்காரன் கத்திவிட்டுப் போனான். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த நாள் நான் சிக்னலில் முன்வரிசையில் பைக்கோடு நின்றேன். எங்களுக்குப் பச்சை விழுந்தபோது நடுச்சாலையில் சாலம்மாள் பதினான்கை எண்ணி முடித்திருந்தார். பின்னால் நாற்பது ஹாரன் ஒன்றாக அலறின. என் பக்கத்திலிருந்தவன் ஆக்சிலேட்டரை முறுக்கி, "ஒதுங்கும்மா, வண்டி வருதுல்ல" என்றான்.

அவர் நின்றார். மடங்காத காலை ஊன்றி அவன் பக்கம் திரும்பினார்.

"நானும் டூவீலர்தான் சாமி. எழுதி வெச்சிருக்காங்க. பின்னால நில்லு."

நான் இன்ஜினை அணைத்து, பைக்கை அவனுக்குக் குறுக்கே தள்ளினேன். அத்தனை ஹாரனுக்கும் நடுவில் அவர் மறுபடி எண்ணத் தொடங்கியது கேட்டது. பதினைந்து. பதினாறு. இருபது சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் ஏறினார்.