உளித்தலையில் சுண்ணாம்பு

போன மாதம் எங்கள் சபைக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்கள். குழாயைப் பிடித்து நிறுத்தக் கைப்பிடிச் சுவரில் நாலு துளை வேண்டுமென்று கரண்டு வேலைக்கார ஜஸ்டின் பாறசாலையிலிருந்து வந்தான். கெட்டிக்காரன்தான். மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சுவரில் கொண்டுபோய் வைத்துவிடவில்லை. ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தான். பிளக்குக்குப் பக்கத்தில் மேல்தோல் வெடித்திருந்தது. அவ்வளவு தூரத்தையும் வெட்டி எறிந்துவிட்டுப் பிளக்கை மறுபடியும் கோத்தான். கிணற்றடி எப்போதும் ஈரம் அல்லவா, ஒரு காய்ந்த பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான். கண்ணாடி மாட்டிக்கொண்டான்.

“அம்மச்சி, கொஞ்சம் மாறி நில்லுங்க. ஒயரைச் சவிட்டிராதீங்க. கண்ணுல தூசி தெறிக்கும், கேட்டியளா.”

எனக்கே பாடமா என்று சிரிப்பு வந்தது. பிறகு மிஷின் கத்தியது. கல்மாவு பறந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதுவாகத்தான்.

சூடான கல்மாவின் மணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அதில் தண்ணீர் ஊற்றினால் வேறு மணம், ஊற்றாவிட்டால் வேறு மணம். ஊற்றாவிட்டால் இருமல் வரும். ஊற்றினால் குழம்பாகி முகத்தில் தெறிக்கும். தெறிக்காமலிருக்க உளியைச் சுற்றித் தென்னஞ்சவுரி நாரைச் சும்மாடு போலச் சுருட்டி வைப்போம். மிஷினுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதற்கு வேண்டியது கரண்டு ஒன்றுதான். எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு பேர்.

பாறையில் வெடிமருந்து வைக்க ஆழமாகத் துளை போடுவதைத் தமர் அடிப்பது என்பார்கள். ஒருவர் நீள உளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உளி கல்லைக் கவ்விக்கொண்டு வராது. என் வீட்டுக்காரர் அடிக்கிறவர், அவருடைய தம்பி பிடிக்கிறவன். அது மகாராஜா ஆண்ட காலம். களியக்காவிளையில் இப்போது இருக்கிற மாநில எல்லையெல்லாம் அப்போது கிடையாது. குழித்துறைப் பக்கமும் நெய்யாற்றங்கரைப் பக்கமும் எங்கே கிணறு வெட்டினாலும் இந்த அண்ணன் தம்பியைத்தான் தேடுவார்கள். தம்பி திடீரென்று ஒரு நாள் பீருமேட்டுத் தேயிலைக்காட்டுக்குப் போய்விட்டான். சபைக் கிணறு அப்போது பாதியில் நின்றது.

“நான் பிடிக்கட்டா?” என்று நான்தான் கேட்டேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். உடம்பில் பலமும் தலையில் கனமும் இருந்த வயது.

கிணற்று வேலையை எடுத்திருந்த மேஸ்திரி சம்மதிக்கவில்லை. “பொம்பளை கெணத்துல எறங்கினா ஊத்து மறிஞ்சு போவும்” என்றார். சபை உபதேசியார்தான், ஆளில்லாமல் கிணறு கிடந்தால் மட்டும் ஊற்று வந்துவிடுமா என்று கேட்டு அவர் வாயை அடைத்தார்.

முதல் நாள் நான் செய்த காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சம்மட்டி மேலே போனதும் கண்ணை இறுக மூடி ஜெபம் பண்ணினேன். என் வீட்டுக்காரர் ஓங்கிய சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஜெபத்துக்கு இதா பிள்ளே இடம்? கண்ணைத் தொற. கூடத்தைப் பாக்காதே. உளியோட வாயை மட்டும் பாரு. கூடத்தை நான் பாத்துக்கிடுவேன்.”

கூடம் என்று அவர் சொன்னது சம்மட்டியை. இன்னொரு கட்டளையும் உண்டு. அவர் சம்மட்டியைப் பாறையில் வைக்கிற சத்தம் கேட்காமல் உளித்தலைக்கு மேலே என் கை போகக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதாக இருந்தாலும் சரி, அகப்பையால் கல்மாவு வழிப்பதாக இருந்தாலும் சரி, “நிறுத்துங்க” என்று நான் சொல்ல வேண்டும், அவர் வைக்க வேண்டும், பிறகுதான் கை. சம்மட்டிக் காம்பை ராத்திரியெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவார், ஆப்பு தளராமலிருக்க. அடிபட்டு அடிபட்டு உளித்தலை காளான் போல விரிந்து வரும். அந்த விளிம்பிலிருந்து ஒரு சில்லு பறந்தால் கண் போய்விடும். சனிக்கிழமைதோறும் கொல்லனிடம் கொண்டுபோய் அதை வெட்டிவிட்டு, வாயைத் தீட்டிக்கொண்டு வருவார். இவ்வளவு பார்க்கிற மனிதர் தன் கண்ணை மட்டும் யாரிடமும் காட்டவில்லை.

எனக்கு அது கையால்தான் தெரிந்தது. நடுத்தலையில் விழுகிற அடி உளி வழியாக நேரே பாறைக்குள் போய்விடும், கைக்கு ஒன்றும் வராது. ஓரத்தில் விழுந்தால் உள்ளங்கையில் சுரீரென்று எட்டி உதைக்கும். முதல் மாதம் நாளைக்கு ஒன்றோ இரண்டோ. பிறகு பத்து. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வீட்டில் சோற்றுத்தட்டைத் தடவித்தான் கண்டுபிடித்தார். வெளிச்சத்தில் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. இடதில் தொடங்கியிருந்தது.

மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றோடு சம்மட்டி வேறு கைக்குப் போகும். அதற்குப் பிறகு அவரை எந்தக் கிணற்றுக்கும் கூப்பிட மாட்டார்கள். அவருக்கு வேறு வேலையும் தெரியாது. நான் என்ன செய்ய? அவரிடம் கேட்கவும் பயம், கேட்காமல் கீழே உட்காரவும் பயம். கிணற்றுக்குள் நல்ல வெளிச்சம் உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் கருத்த பாறை, கருத்த உளி.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து உளித்தலையில் தடவினேன். அவர் தண்ணீர் குடிக்கத் திரும்புகிற நேரம் பார்த்துத் தடவுவேன், அது எதற்கென்று அவருக்குத் தெரியாதென்று நினைப்பு. அன்றைக்கு ஓர் உதைகூட விழவில்லை. எனக்கு என்னை நினைத்தே பெருமை தாங்கவில்லை.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “என்னத்துக்குச் சுண்ணாம்பு?”

“ஈரத்துல கூடம் வழுக்காம இருக்க ஆக்கும்” என்றேன்.

நம்பிவிட்டார். அடுத்த வாரம் ஒற்றசேகரமங்கலத்தில் அவர் எடுத்திருந்த வேலையிலும் எல்லா உளிக்கும் சுண்ணாம்பு பூசச் சொன்னாராம். பூசியவர்களும் ஆமாம், வழுக்கவில்லை என்றார்களாம்.

இப்படி ஒரு மழைக்காலமும் கொஞ்சமும் போயிற்று. பிறகு ஒரு நாள் பாறை கசியத் தொடங்கியது. கிழக்குப் பக்கத்துத் திட்டில் தமர் அரைச் சாண் இறங்கியிருக்கும். மேலே பிளவிலிருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாக நேரே உளித்தலையில் விழுந்தது. ஊரெல்லாம் காத்திருந்த தண்ணீர். எனக்கு மட்டும் அது வேண்டாததாக இருந்தது. சுண்ணாம்பு நிற்கவில்லை. நான் பூசப் பூசத் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போயிற்று. உள்ளங்கையில் மறுபடி உதை. இரண்டு, மூன்று.

“நிறுத்துங்க” என்று சொல்லியிருக்கலாம். அடிக்கொரு தரம் சொன்னால் எதற்கென்று கேட்பார். மேலே மேஸ்திரி நிற்கிறார். சம்மட்டியைப் பாறையில் வைக்கிற சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இடது கை விரல்களில் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு உளித்தலைக்கு மேலே கொண்டுபோனேன்.

அந்தக் கருப்பில் வெள்ளையாக இருந்தது என் விரல் மட்டும்தான். அடி குறி தப்பவே இல்லை.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. எழுதுகிற கை வலது கை என்பதால் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வகுப்பு வீணாகவில்லை, இதை எழுதுகிறேன். அன்று மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“வெள்ளையைத்தானே அடிச்சேன். வெள்ளையைத்தானே பிள்ளே அடிச்சேன்.”

வலியிலும் எனக்குச் சுருக்கென்றது. “அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். நீயா சொல்லுவேண்ணு இருந்தேன்.”

“நீங்க சொல்லுவியண்ணு நான் இருந்தேன்” என்றேன்.

அவர் பிறகு சம்மட்டியைத் தொடவில்லை. வேறு ஆட்கள் வந்து கிணற்றை முடித்தார்கள். ரத்தம் விழுந்த துளையில் உளி வைக்க மாட்டோமென்று ஒரு முழம் தள்ளிப் புதிதாகத் தமர் அடித்தார்கள். பழையது அப்படியே நின்றது. நல்ல ஊற்று, நான் இறங்கியதால் மறிந்துபோகவில்லை. மேஸ்திரியும் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் முழுக்க மறைந்தது. நான் ஓலை முடைந்தேன். எட்டு விரலால் முடைய எவ்வளவு நாளாகும் என்று கேட்காதீர்கள், பழகிவிடும்.

கோடையில் தண்ணீர் இறங்கினால் அந்தத் திட்டும் அதில் அந்த அரைச் சாண் துளையும் வெளியே வரும். அவர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு மீனமாதமும் நான் குடத்தோடு வரும் காலடி கேட்டதுமே கேட்பார்.

“தண்ணி எறங்கிட்டா? தமரு தெரியுதா?”

“தெரியல்லை” என்பேன். பட்டப்பகலில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும். இருபத்திரண்டு கோடை இந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. சுண்ணாம்பு விஷயத்தில் ஏமாற்றினேன் என்று நினைத்தவள்தானே நான்.

ஜஸ்டின் நாலு துளையையும் ஒரு சுருட்டுக் குடிக்கும் நேரத்தில் போட்டு முடித்தான். பிளக்கைப் பிடித்துக் கழற்றினான், ஒயரைப் பிடித்து இழுக்கவில்லை. மிஷினின் தூசியை ஊதித் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மறுநாள் பிள்ளைகள் விழாமலிருக்கக் கிணற்றின் வாய்க்குக் கான்கிரீட் மூடி போட்டார்கள். மூடும் முன் குனிந்து பார்த்தேன். கோடையல்லவா, தெரிந்தது.

இப்போது குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. உள்ளே அது எந்த மட்டத்தில் நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தமர் தெரிகிறதா என்று இனி யார் கேட்டாலும் தெரியவில்லை என்று நான் உண்மையாகவே சொல்லலாம். கேட்பதற்குத்தான் அவர் இல்லை.