மூக்கைப் பொத்திய ஐந்து பேர்

சென்ற புதன்கிழமை வனஜா என் வீட்டுக்கு வந்து, "காசி போயிட்டாடி. விஷஜுரமாம், நாலே நாள்" என்றாள். காசியம்மாள் ராயபுரத்துப் பெண்கள் பள்ளியில் எங்களோடு படித்தவள். திருவொற்றியூர்க் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். இருபத்தெட்டு வயது. வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதுறியே. நம்ம அஞ்சு பேருக்கும் உயிர்த்தோழின்னு ரெண்டு வரி எழுதிடேன்" என்றாள். எனக்கு வெறுப்பாக இருந்தது. வனஜாவை நினைத்து மட்டுமல்ல.

காசியை அறிந்தவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

பதினாலு வயதில் ஒரு நாள் வளையப்பந்து ஆட்டத்தில் நான் கோட்டை மிதித்துவிட்டேன். ஓரத்தில் நின்று கவனித்த காசி, "மிதிச்சுட்டே. நான் பாத்தேன்" என்றாள். மிதித்தது உண்மைதான். அதற்காக நான் அவளோடு சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வனஜாவும் பொத்தினாள். பிறகு எங்கள் கூட்டத்தில் ஐந்து பேரும். அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் தலைக்கு வாசனைத் தைலம் தடவிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் நாங்கள் அதிகமாகச் சிரித்தோம். இதை எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் பருப்பு மண்டிக்கே வந்துவிட்டாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். "ஏட்டி, ஒன்கூடப் படிக்கவளாம். வந்து என்னன்னு கேளு" என்று அப்பா கூப்பிட்டார்.

மூட்டைகளுக்கு நடுவில் நின்று காசி கேட்டாள்: "எம்மேல இன்னா கோவம் ஒனக்கு? மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"எனக்கு ஒண்ணுமில்ல. அவங்கதான்."

"மத்த நாலு வூட்டுக்கும் போய்ட்டுத்தான் வந்துகினு கீறேன். அல்லாரும் இதையேதான் சொல்றாளுங்க. அப்போ சண்ட போட்டவ யாரு?"

நான் தரையில் சிதறிக் கிடந்த பருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. அப்பாவிடம் "வரேன் நைனா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கடைசிப் பரீட்சை வரை அந்தப் பெஞ்சில் தனியாகவே உட்கார்ந்து படித்துத் தேறினாள். எண்ணூரில் ஆசிரியை ஆனாள்.

சென்ற ஆண்டு ராயபுரம் ஸ்டேஷனில் அவளே என்னைக் கண்டு அருகில் வந்தாள். என் இடுப்பிலிருந்த குழந்தையின் பெயரைக் கேட்டாள். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று சிரித்தபடி, "அந்த வயசுல எல்லாரும் அப்படித்தானே, காசி" என்றேன்.

"அல்லாரும் இல்ல. எனக்கும் அன்னிக்குப் பதினாலு வயசுதான்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

காசியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பதில் ஒன்றுதான். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது என்று எழுதலாம்; வனஜாவுக்குப் பிடிக்கும். ரயில் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அதுவரை நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.