தம்பியின் பதில்கள்

எங்கள் நூலக மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம். பதினோரு வருடமாக அதைக் கட்டிக் காத்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். அக்காவின் நிரல் கச்சிதம், வாய் மட்டும் கத்தி. "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று இணையதளத்தில் அவர் பதில் எழுதினால், புதிதாகக் கேட்க வந்தவர் மறுபடி எட்டிப் பார்க்கமாட்டார். தம்பிதான் பின்னாலேயே போய், "தப்பா எடுத்துக்காதீங்க. வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று எழுதி இழுத்துப் பிடிப்பார். நானும் அப்படி இழுபட்டு வந்தவன்தான்.

போன வருடம் தம்பி இறந்துபோனார். அந்தப் பழைய இணையதளத்தையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அக்கா தனியாளாக எல்லாவற்றையும் புதிய தளத்துக்கு மாற்றினார். அங்கே கணக்கு இல்லாதவர்கள் எழுதியதெல்லாம் மாற்றியவர் பெயரிலேயே போய் விழும் என்பதை அவர் கவனிக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கணக்குத் தொடங்கித் தங்கள் எழுத்தை மீட்டுக்கொண்டார்கள்.

தம்பியின் பதில்களையும் அவர் பெயருக்கே மாற்றலாமே என்று அக்காவின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். தம்பியின் நாற்காலியில் துவைத்த துணி கிடந்தது.

"அவன் மெயிலுக்குத்தான் உறுதிப்படுத்தச் சொல்லி வரும். பாஸ்வேர்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டான், மடையன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தார்.

இன்று காலை புதிய பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, உங்க பழைய பதில் எல்லாம் படிச்சேன். எவ்வளவு பொறுமை உங்களுக்கு. அந்த தைரியத்துலதான் கேக்கறேன்." கேட்டிருந்ததோ கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருப்பது. செம திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

மதியம் அக்காவின் பெயரில் பதில் வந்தது: "வாங்க, சேர்ந்து பார்ப்போம்."

தேதியை இரண்டு முறை பார்த்தேன். இன்றைய தேதிதான்.