கீழ்வீட்டு அம்மாவின் நாலு இடி

ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பது தையல்காரம்மாவின் தொழில். காலர் திரும்பும் இடத்தில் ஊசி கொஞ்சம் பிசகினாலும் கோட்டே கோணிப் போகும். அப்படி வேலை பார்க்கிறவர் தலைக்கு மேலே, மாடி வீட்டில், நான்கு பையன்கள் கிடாரும் டிரம்ஸுமாகக் குடிவந்தார்கள். ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லாமல் அந்த வீட்டிலேயே ஒரு ராக் ஆல்பத்தைப் பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள்.

முதலில் கணவரை அனுப்பிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். வேலை முடிந்து வந்ததும் மேலே போவார். வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, "உறைக்கிற மாதிரி சொல்லிட்டு வந்திருக்கேன்" என்பார். சத்தம் என்னவோ கூடிக்கொண்டேதான் போனது. ஒரு பிற்பகலில் பொறுமை இழந்த தையல்காரம்மா ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்துக் கூரையில் நாலு இடி இடித்தார். மேலே சட்டென்று அமைதி. ஜெயித்துவிட்டோம் என்று மெஷினில் போய் உட்கார்ந்தார்.

உண்மையில் பாட்டே அங்கேதான் முடிந்திருந்தது. அவருடைய இடி கடைசித் தாளத்தில் கச்சிதமாய் உட்கார்ந்துவிட்டதால், பையன்கள் அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. பையன்கள் பெரிய வீடு பார்த்துப் போய்விட்டார்கள். தையல்காரம்மா எதுவும் தெரியாமல் நிம்மதியாகக் காலர் தைத்தார்.

பல வருடம் கழித்து அதே ஆல்பத்தை சிடியாக வெளியிட்ட கம்பெனி, இரைச்சல் என்று நினைத்து அந்த இடியைத் துடைத்து எடுத்துவிட்டது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இடி இல்லாத பாட்டு பாட்டே இல்லை என்றார்கள். அடுத்த பதிப்பில் இடி திரும்பி வந்ததோடு, உறையில் 'இடி: கீழ்வீட்டு அம்மா' என்றும் அச்சாகியிருந்தது. மகள் கொண்டுவந்து காட்டியபோதுதான் தையல்காரம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. அதன்பிறகு கோட்டு வாங்க வந்த டாக்டர்கள் கையெழுத்தும் கேட்டார்கள். அவரும் கொஞ்சம் மிதப்பாகவே போட்டுக் கொடுத்தார்.

அதற்குப்பின் ஒத்திகைப் பதிவுகளையும் சேர்த்து ஒரு பெரிய பதிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் அதைப் போட்டாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த கணவர் குளிக்கப் போவதாகச் சொல்லி எழுந்தார். அப்போதுதான் குளித்திருந்தார், தலை ஈரம்கூடக் காயவில்லை.

பதிவில் கிடார் நின்றது. கதவு தட்டும் சத்தம். பிறகு கணவரின் இளவயதுக் குரல்: "தம்பி, நேத்து வாசிச்சீங்களே, அதை இன்னொரு தரம் வாசிங்க. கொஞ்சம் சத்தமாவே வாசிங்க. கீழ மெஷின் ஓடுது, சரியாவே கேக்கல."

மகள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தையல்காரம்மா கணவரைப் பார்த்தார்.

"உறைக்கிற மாதிரி சொன்னது இதுதானா?"

"பாட்டு நல்லா இருந்துச்சும்மா."

அன்று முழுக்க தையல்காரம்மா அவரோடு பேசவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்க, இத்தனை காலம் தனக்குத் தெரியாமல் ரசித்திருக்கிறாரே என்பதுதான் அதிகம் குடைந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று, மறுநாள் காலை தையலுக்கு நடுவே முதல்முறையாக ஆல்பம் முழுவதையும் கேட்டார். கணவர் செய்தித்தாளோடு வாசற்படியில் நின்று நோட்டம் பார்த்தார்.

"மூணாவது பாட்டு பரவாயில்ல. டிரம்ஸ்காரப் பையன்தான் கொஞ்சம் பிந்துறான்" என்றார் தையல்காரம்மா, தலை நிமிராமல்.

அதெல்லாம் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி அடிக்கிறான் என்று கணவர் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை அவர்களுடைய சண்டை ஓயவில்லை.