பெரட்டுக்கு அழைத்த சைரன்

என் மேசையருகே ஒரு பழைய கொழுந்துக் கூடை இருக்கிறது. பதுளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் குப்பைக்கூடை என்று நினைத்துக் காகிதத்தைக் கசக்கிப் போடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பொறுப்பாயிருந்த கங்காணி அக்கா தந்த கூடை அது.

அங்கே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மண்சரிவு ஆபத்தைக் குறைக்க அரசாங்கம் தந்த மானியத்தில் ஒரு சைரன் பூட்டினோம். யாழ்ப்பாணத்திலிருந்து போன அதிகாரியான நான் வரைபடம் கீறி, கூட்டம் வைத்து, "சைரன் அடிச்சால் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடுங்கோ" என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒத்திகையன்று சைரன் அலறியது. மேட்டில் நான் மட்டும் நின்றேன். சனமெல்லாம் கூடையும் கையுமாக, தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றது. அந்தக் களமோ வெடிப்புக்கு நேர் கீழே. நான் மேட்டிலிருந்து அங்கே இறங்கி ஓடினேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "கொம்பு ஊதினா பெரட்டுக்கு வந்தே பழகின சனங்க சார். சத்தம் கேட்டா காலு தானா இங்கதான் வரும். சனங்கள மாத்த முடியாதுங்க, களத்த மாத்திடுவோம்."

மானியப் படிவத்தில் அதற்கொரு கட்டமே இல்லை. மேலிடத்துக்கு நான் எழுதிய விளக்கங்களை அடுக்கினால் ஒரு தடுப்புச் சுவரே எழும்பியிருக்கும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அக்காவே போய்ப் பேசினார். ஒருவழியாகப் பள்ளிக்கூட மேட்டைச் சமப்படுத்தினோம். பெரட்டு அங்கே மாறியது.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் சைரன் நிஜமாகவே அலறியது. தோட்டத்துக்கு வந்திருந்த நான் குடையையும் பையையும் போட்டுவிட்டு ஓடினேன். மேட்டில் எல்லோரும் எனக்கு முன்பே வரிசையில்! கூடைகளில் கைக்குழந்தை, பிறப்புச் சான்றிதழ், ஒன்றில் முட்டையோடு அடைகோழி. வேலைக்குப் போகாத கிழவர்களையும் பிள்ளைகளையும்கூட அக்கா தன் கொப்பியில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "இருக்கேன்", "இருக்கேன்" என்று கடைசிப் பேர்வரை பதில் வந்தது. சற்று நேரத்தில் மலை இறங்கிப் பழைய களத்தையும் இரண்டு லயங்களையும் மூடியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா தன் கூடையை என் கையில் திணித்தார். "பெரட்டுக்கு வெறுங்கையோடயா வருவாங்க சார்?"

இன்றும் அடைமழை. கூடையில் யாரோ போட்டிருந்த காகிதத்தை எடுத்தெறிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்காதான்.

"ஒத்திகை நடக்குது சார். ஒங்க பேரையும் கொப்பியில ஏத்திட்டேன். ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு, பதிலக் காணோமே!"

நான் எழுந்து நின்றேன்.

"இருக்கிறன், அக்கா."