சச்சி மாமா குடித்த சூப்

"கடந்த இரண்டு மாதத்தில் உங்கள் மாமா புதிதாக ஏதாவது மருந்து எடுக்கத் தொடங்கினாரா?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். நான் மாமாவைக் கேட்டேன். அவர் இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். ஆனால் அந்தப் பதில் சரியில்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. சரியான பதில் என்னவென்று எனக்கு அன்று தெரியாது.

மாமாவின் பெயர் சச்சிதானந்தன். அம்மாவின் தம்பி. ஐம்பத்தேழு வயது. லண்டனின் டூட்டிங்கில் றோஸ்மலர் அன்ரியின் கடையில் மீன் வெட்டுகிறார். இருபது வயதில் நோர்வேயின் வடக்கு முனைக்குப் போய்ப் பதினொரு வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவர். அங்கிருந்து ஒரு நீலப்பிடிக் கத்தியோடு லண்டனுக்கு வந்தார். நோர்வீஜிய மொழியில் நன்றாகச் சண்டை பிடிப்பார். ஆங்கிலத்தில் மீன்களின் பெயர்களும் நன்றியும்தான் தெரியும். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போவேன். பள்ளிக்கூடம் முடிந்து மூன்று மாதமாக அடுத்தது என்னவென்று தெரியாமல் வீட்டில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்ததால், அந்த வேலை எனக்கு வந்தது.

மாமா வெட்டுவதைப் பார்க்கவென்றே சிலர் வருவார்கள். மீனைக் கையில் எடுத்ததும், "சொதிக்கோ, பொரியலுக்கோ?" என்று கேட்பார். பதில் வருமுன்பே துண்டின் அளவை முடிவு செய்திருப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய இதயத்தில் செயற்கை வால்வு ஒன்று வைத்தார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க வாஃபரின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஓர் எண்ணால் அளப்பார்கள். மாமாவுக்கு அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடினால் சின்னக் காயமும் ஆபத்து. கீரையைக் கூட்டிக் குறைத்தால் எண் மாறும் என்று நர்ஸ் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து மாமா புதனும் ஞாயிறும் மட்டும், ஒரே கோப்பையால் அளந்து கீரை சாப்பிடுகிறார். அவ்வளவு கவனமான மனிதர்.

அப்படியிருக்க, ஒக்ரோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விளைமீன் முள் பெருவிரலைக் கீறியது. நாற்பது நிமிடமாக இரத்தம் நிற்கவில்லை.

"கத்தியைத் தாருங்கோ அண்ணை," என்றார் றோஸ்மலர் அன்ரி.

"சின்னக் கீறல்."

"சின்னக் கீறலுக்கு என்ர கடையிலை இருந்த கிச்சன் ரோல் முழுக்க முடிஞ்சுது. தாருங்கோ."

அன்று பின்னேரம்தான் நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார். எண் ஐந்து தசம் நான்கு, அதாவது 5.4. ஓர் இரவு மாத்திரையை விடச் சொல்லி, பிறகு அளவைக் குறைத்தார். எண் மூன்றுக்குக் கீழே வரும்வரை கத்தி தன்னுடைய மேசை லாச்சியில் இருக்கும் என்று அன்ரி சொல்லிவிட்டார். மாமாவை மரக்கறிப் பக்கம் விட்டார்.

மரக்கறிப் பக்கம் மாமாவுக்குச் சரிவரவில்லை. யாராவது முருங்கைக்காயை எடுத்தால், "அது முத்தல், வையுங்கோ" என்பார். அடுத்ததை எடுத்தால் அதுவும் முத்தல். அரை மணி நேரத்தில் ஒருவரும் முருங்கைக்காய் வாங்கவில்லை.

"அண்ணை, நீங்கள் விக்க நிக்கிறியளோ, காய் பாதுகாக்க நிக்கிறியளோ?"

"பொய் சொல்லி விக்க எனக்கு ஏலாது."

ஒரு வாரம் கழித்து எண் நான்கு தசம் ஆறு. மாத்திரையைக் குறைத்தும் அவ்வளவுதான் இறங்கியது. நர்ஸுக்கே விளங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மாமா விரல்களைப் பார்த்தபடி இருந்தார். "இது இறங்காட்டி என்ன செய்யிறது பிள்ளை? எனக்கு வேறை வேலை தெரியாது," என்றார். அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாமாவின் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டு கடைக்குப் போனேன். லாம் அம்மா வந்திருந்தார். பக்கத்துப் பகுதியான கொலியர்ஸ் வூட்டில் இருக்கும் சீனப் பெண்மணி. வெள்ளிதோறும் சமன் என்கிற சால்மன் மீனின் தலை வாங்குபவர். கையில் ஒரு பிளாஸ்க். மாமா அதிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் குடித்தார். செலரியும் ஈர மண்ணும் கலந்தது போல ஒரு வாசம் வந்தது.

"என்ன மாமா அது?"

"சூப்."

"எப்ப இருந்து குடிக்கிறியள்?"

"ஓகஸ்ட்டிலை இருந்து. அவவின்ர மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது எண்டு போனிலை படம் காட்டினவ. அவவுக்குக் காய்ச்சேக்கை எனக்கும் கொண்டு வாறவ. என்ர அறையிலை காய்ச்சவும் வேர் தந்தவ. கைக்குச் சூடு."

மாமாவின் விரல்கள் குளிர் பட்டால் நுனிவரை வெள்ளையாகிவிடும். ஐஸில் கிடக்கும் மீனை நாள் முழுக்கத் தொடுபவருக்கு அது பெரிய தொல்லை. லாம் அம்மா அதைக் கவனித்திருக்கிறார்.

"நர்ஸ் கேட்டவவெல்லோ, புதுசா ஏதும் எடுக்கிறியளோ எண்டு?"

"அவ மருந்தைத்தானே கேட்டவ. இது கோழி சூப்."

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவருக்கு மிளகு, மல்லி, மஞ்சள் என்று சரக்கு அரைத்துப் பத்தியக்கறி காய்ச்சுவார்கள். அதை ஒருவரும் மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னதில்லை. அது சாப்பாடு. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

லாம் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். வாயில் கை வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் இழுக்காத குறையாக இரண்டு தெரு தள்ளியிருந்த சீன மூலிகைக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் ஓர் இழுப்பறையைத் திறந்து, வெண்மஞ்சள் நிறத்தில் மெல்லிய வேர்த்துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதே வாசம்.

"தங் குய்," என்றார். "உடம்பைச் சூடாக்கும், இரத்தத்தை ஓட வைக்கும் என்பது எங்கள் வைத்தியம். பிரசவத்துக்குப் பிறகு, மாதவிடாய் வலிக்கு, குளிர்ந்த கைகால்களுக்குக் கொடுப்போம். வாஃபரின் எடுப்பவருக்குக் கொடுக்க மாட்டேன். கர்ப்பமாக இருப்பவருக்கும் கொடுக்க மாட்டேன். வாங்க வரும் எல்லோரையும் கேட்பேன்." லாம் அம்மாவிடம் திரும்பினார். "உங்களையும் கேட்டேனே."

"மருமகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் ஒரு மாத்திரையும் எடுப்பதில்லை," என்றார் லாம் அம்மா. "மீன்காரரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லையே."

நான் மொழிபெயர்த்ததும் மாமா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: சூப்பில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் அப்படித்தானா? கடைக்காரர் சிரித்தார். "சூப்பில் போட்டாலும் அது அதே வேர்தான்."

கடை வாசலில் நின்றே நர்ஸுக்குப் போன் செய்தேன். அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. அந்த வேர் வாஃபரினின் வேலையைக் கூட்டக்கூடும் என்றார். வேரை நிறுத்தச் சொன்னார். மாத்திரையின் அளவை நாங்களாக மாற்றக் கூடாது, திங்கட்கிழமை வர வேண்டும் என்றார். கடைசியில், "இனி நான் மருந்தை மட்டும் கேட்க மாட்டேன். சூப், தேநீர், சிநேகிதர் கொடுத்தது எல்லாவற்றையும் கேட்பேன்," என்றார்.

கடைக்குத் திரும்பியதும் அன்ரிக்குக் கதை முழுவதும் தெரிந்துவிட்டது.

"ஓகஸ்ட்டிலை இருந்து பிள்ளை பெத்தவையின்ர சூப்போ? பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறியள் அண்ணை?"

"றோஸ்மலர் எண்டுதான்," என்றார் மாமா. "கத்தியை எடுத்து ஒளிக்கிற பிள்ளை."

திங்கட்கிழமை எண் மூன்று தசம் ஐந்து. அதற்கடுத்த வாரம் இரண்டு தசம் ஆறு. நர்ஸ் ஒவ்வொரு முறையும் எண்ணை எழுதித் தரும் மஞ்சள் புத்தகத்தை நான் திறந்து அன்ரியிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்தார். கத்தியோடு ஒரு சோடி மெல்லிய கம்பளிக் கையுறையும், அதற்கு மேல் போட ஓர் இரும்பு வலைக் கையுறையும் இருந்தன.

"இதைப் போட்டால்தான் அது."

"என்னைப் பார்த்தால் சண்டைக்குப் போற ஆள் மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை. வரிசையில் முதலாவதாக லாம் அம்மா. மாமா சமன் தலையை எடுத்து, கத்தியை ஒருமுறை துடைத்து, ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தார். பின்னால் நின்ற ஒருவர் கை தட்ட, கடை முழுக்கத் தட்டியது. லாம் அம்மா பிளாஸ்க்கை நீட்டினார். வெறும் இஞ்சியும் கோழியும். நர்ஸுக்கு முதலே சொல்லிவிட்டோம். இஞ்சி சமையலுக்குப் போடுகிற அளவில் இருந்தால் குடிக்கலாம் என்றிருந்தார்.

தங் குய் கைக்கு உண்மையாகவே சூடு கொடுத்ததா என்று எனக்குத் தெரியாது. மாமா கொடுத்தது என்கிறார். கம்பளிக் கையுறையும் கொடுக்கிறது. மரக்கறிப் பக்கம் இப்போது முருங்கைக்காய் விற்பனையாகிறது.

உங்கள் வீட்டிலும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் ஒருவர் இருக்கலாம். அவருக்கும் அன்பான ஒருவர் பிளாஸ்க்கில் ஏதாவது கொண்டுவந்து கொடுக்கலாம். இந்தக் கதையை அவர்கள் இருவருக்கும் சொல்லுங்கள். சூப்பையும் நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.