நாலாம் குழி

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் எல்லாரும் ஏளனம் செய்த குழி ஒன்று உண்டு. நாலாம் குழி. பந்தை மூன்றே அடி அடித்து உள்ளே போட வேண்டியது. 'பார் த்ரீ' என்பார்கள். அங்கே வந்ததும் ஆட்டக்காரர்கள் போனை எடுப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் யாங்கோனில் மட்டைப்பை சுமக்கிற கேடி. இன்சீனிலிருந்து ரயிலில் வந்து, வெயிலுக்குக் கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்கு நிற்பேன். அந்தக் குழியின் குணம் எனக்குத் தெரியும். அடிக்கிற இடத்தில் மூங்கில் புதர் காற்றை மறைத்துவிடும். மேலே எழும்பிய பந்தை ஏரிக்காற்று பிடித்துப் பின்னால் தள்ளும். கொடி நிற்கிற புல்தரையோ கவிழ்த்த தட்டு மாதிரி. ஓரத்தில் விழுந்த பந்து உருண்டு மணலுக்குள் போய்விடும். ஆட்டக்காரர்கள் மட்டையைத் திட்டுவார்கள், மழையைத் திட்டுவார்கள், என்னைத் திட்டுவார்கள். குழியைத் திட்டுகிற மரியாதையைக்கூட அதற்குத் தரமாட்டார்கள். ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மட்டும், தங்கள் ஊர்க் கடலோரத்திலும் இப்படி ஒன்று உண்டு, அதையும் யாரும் மதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, ஆடி முடித்தும் நகராமல் நின்றார். நல்ல மனுஷன்.

புல் வெட்டும் வண்டிக்கு டீசல் போதவில்லை, ஒரு குழியை மூடுவோம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. எதை மூடுவார்கள் என்று கேட்கவா வேண்டும்? மகன் தாய்லாந்துக்குப் போனபின் வீடு எனக்குப் படுக்கிற இடம், அவ்வளவுதான். அந்தக் குழியைப் பார்க்கத்தான் தினமும் காலையில் எழுந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கமிட்டியில் முடிவு சொல்கிறவர் ஒரு தமிழ் முதலாளி. அவருக்கு எப்போதும் நான்தான் பை தூக்குவேன்; 'சயா' என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். ஒரு தரம் மனசு வைத்து ஆடிப் பாருங்கள் சயா, அப்புறம் மூடுங்கள் என்று கெஞ்சினேன். சரியென்றார்.

ஒன்பதாம் நம்பர் மட்டையைக் கேட்டுக் கையை நீட்டினார். அதில் அடித்திருந்தால் பந்து காற்றில் செத்து மணலில் விழுந்திருக்கும். அங்கே நாலு முறை தோண்டியிருந்தால் குழியின் அருமை தெரிந்து அதற்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார். என் பாழாய்ப்போன கை, இன்னும் தூரம் போகிற ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தது. ஆட்டக்காரரைத் தவற விடாமல் பார்ப்பதுதானே எங்கள் பிழைப்பு! கொடிக்கு வலது பக்கமாக அடிக்கச் சொல்லி வேறு தொலைத்தேன். அவர் நம்பரைப் பார்க்கவேயில்லை.

பந்து கொடியருகே விழுந்து நின்றது. தட்டி உள்ளே போட்டார். இரண்டே அடி.

"இதுல என்னம்மா இருக்கு? கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம்."

மட்டையைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

அந்த வாரமே கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது மூன்றாம் குழியிலிருந்து நேரே ஐந்துக்குப் போகிறோம். நடுவில் இருந்தது எங்கே என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.